தோத்தவனுக்கு ஒரு புள்ளி

தம்பி, குறை நினையாதையும், அந்தத் தொப்பியை ஒருக்காக் கழட்டிப் பைக்குள்ள வையும். பஸ்ஸுக்குள்ள வெயிலுமில்லை, பனியுமில்லை. தொப்பியில கிடக்கிற கொக்கின்ர மூஞ்சையைப் பாத்துக்கொண்டு ரொறன்ரோ போகுமட்டும் மூண்டு மணித்தியாலம் என்னால இருக்கேலாது.

தமிழ்ப் பிள்ளை எண்டு கண்டவுடன விளங்கிட்டுது, அதுதான் உரிமையோட சொல்லுறன். ஹார்ட்டன் டவுனிலயோ படிக்கிறீர்? நல்லது. தொப்பி ஆர் தந்தது? சும்மா குடுத்தவங்களோ? சும்மாதான் குடுப்பாங்கள். காசு குடுத்து ஆர் வாங்குவான்.

என்ர பேர் கனகேஸ்வரன். அங்க இருக்கிற அந்தப் பெரிய ஐஸ் ஹொக்கி அரங்கில பத்தொன்பது வருசமா வேலை. ஆட்டத்துக்கு இடையில ஒரு பெரிய மிசின் வந்து ஐஸைச் சுரண்டி, சுடுதண்ணி பூசி, கண்ணாடி மாதிரி ஆக்கிப்போட்டுப் போகுமெல்லே, அதை ஓட்டுறது நான்தான். அஞ்சாயிரம் சனம் இருந்தாலும் அந்தப் பத்து நிமிசம் நடுவில நான் ஒருத்தன். சின்னப்பிள்ளையள் கை காட்டுங்கள். நானும் காட்டுவன்.

உம்மட தொப்பிக்காரர், அதுதான் அந்த ஹெரன்ஸ், தமிழில கொக்குகள், அவங்கட வீடு அந்த அரங்குதான். பெரிய லீக் இல்லை, ரெண்டு படி கீழ. எண்டாலும் சம்பளத்துக்கு விளையாடுற ஆக்கள். சம்பளம் வாங்கிக்கொண்டு தோக்கிற ஆக்கள் எண்டு சொல்லும்.

நான் அவங்களுக்குப் பகையாப் பிறந்தவனில்லை. என்ர மகள் ஆரணியை நாலு வயசில கூட்டிக்கொண்டு போய், ஐஸுக்குப் பக்கத்தில இருத்தி, இந்தக் கொக்குகளுக்குக் கை தட்டப் பழக்கினதே நான்தான். இப்ப நினைச்சால் காறித் துப்பவேணும் போல கிடக்கு. ஒரு கலியாணத்தையே விழுங்கிப்போட்டாங்கள் தம்பி. ஆற்ற கலியாணம்? அந்தப் பிள்ளையின்ர கலியாணம்.

முதலில இருந்து சொல்லுறன், கேளும்.

போன வருசம் ஆரணிக்கு மாப்பிள்ளை சரிவந்தது. நிரோஷன் எண்டு, ஏஜாக்ஸில இருக்கிற பெடியன். அவையே பாத்துப் பழகினவை, பிறகு நாங்கள் சாதகம் பாத்தம், அதுவும் பொருந்திச்சுது. ஐயர் ரெண்டு நாள் எழுதித் தந்தார். ஏப்ரல் இருபது, சனிக்கிழமை. இல்லாட்டில் ஜூன் நடுவில ஒரு சனி. "இஞ்சாருங்கோ, ஜூனில வைப்பம், குளிரும் போயிடும்" எண்டு என்ர மனிசி சொன்னவள்.

சிவபாதம் எண்டு ஒருத்தர் இருக்கிறார். மனிசியின்ர தமையன், ஸ்காபரோவில. அவற்ற மகளுக்கும் கலியாணம், மே கடைசி எண்டு முடிவாகியிட்டுது, நானூறு பேர் பிடிக்கிற ஹோல். ஒரு பிறந்தநாள் வீட்டில வைச்சு, எல்லாற்ற முன்னாலயும் என்னட்டச் சொல்லுறார்: "மச்சான், நீங்கள் ஏதாவது கோயிலில சின்னனா வையுங்கோவன், சிலவு குறையும்." இது புத்தி சொன்னதோ, குத்திச் சொன்னதோ? நீரே சொல்லும்.

அவர் மேயில வைக்க, நான் அவருக்குப் பின்னால ஜூனில வைக்கிறதோ? ஏப்ரல்தான் எண்டு சொல்லிப்போட்டன். அவற்ற கலியாணத்தை விடப் பெரிசா. எனக்கு ஆணவம் கிடையாது தம்பி, அது என்னை அறிஞ்ச எல்லாருக்கும் தெரியும். ஒரு முறை எண்டு இருக்குத்தானே.

அப்பதான் அரங்கு மனசில வந்தது. சீசன் முடிஞ்சவுடன ஐஸை உருக்கிவிடுவம். கீழ நல்ல சீமெந்து நிலம். ஆயிரம் பேர் தாராளமா இருக்கலாம். நடுவில மணவறை. ஐஸ் மிசினுக்கு மல்லிகைச் சரம் சுத்தி, அதில பொம்பிளை மாப்பிள்ளையை ஏத்தி, நாதஸ்வரம் முன்னால போக, நான் ஓட்டிக்கொண்டு வாறது. கனடாவில ஹெலிகொப்டரில வந்து இறங்கின சோடியள் இருக்கு, குதிரை வண்டியில வந்த சோடியள் இருக்கு. ஐஸ் மிசினில ஆர் வந்தது? ஆரணியிட்ட இதைச் சொன்னன். ரெண்டு கையாலயும் முகத்தைப் பொத்திக்கொண்டு இருந்தாள். கலியாணப் பொம்பிளை, வெக்கம் வரும்தானே.

ஜனவரியில அரங்கு மனேஜர் லொறேனிட்டப் போய்க் கேட்டன். வெள்ளைக்காரி, நல்ல மனிசி. "கனா, உனக்கு இல்லாத இடமோ? வாடகை வேண்டாம். ஆனால் ஹெரன்ஸ் பிளேஓஃபுக்குப் போனால் ஏப்ரல் முழுக்க அரங்கு அவங்களுக்கு. ஒப்பந்தம் அப்பிடி. பிறகு என்னோட கோவிக்கக் கூடாது" எண்டாள்.

பிளேஓஃப் எண்டால் விளங்குமெல்லே? ஒரு ரீம் சீசன் முழுக்க எழுபத்திரண்டு ஆட்டம் விளையாடும். முடிவில புள்ளியைக் கூட்டிப் பாத்து, எட்டு ரீமில மேல நிக்கிற நாலு மட்டும் கிண்ணத்துக்கு அடிபடும். மற்ற நாலும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டை போகவேண்டியதுதான்.

எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. அண்டைக்குக் கொக்குகள் எட்டாம் இடம். கடைசி. நாலாம் இடத்துக்குப் பதினாலு புள்ளி பின்னால. ஊரில ஏ லெவலில கணக்குக்கு ஏ எடுத்தவன் நான். கலண்டரின்ர பின்பக்கத்தில போட்டுப் பாத்தன். வெண்டால் ரெண்டு புள்ளி. மிச்சம் முப்பத்தாறு ஆட்டம். நாலில மூண்டை வெண்டால்தான் இவங்கள் உள்ள போகலாம். இவங்கள் மூண்டில ஒண்டை வெல்லுறதெண்டாலே ஆரும் நேர்த்தி வைச்சிருக்கவேணும். அப்ப போகமாட்டாங்கள். விசயம் முடிஞ்சுது.

மாப்பிள்ளையின்ர தகப்பன் ரெண்டு தரம் கேட்டவர், "நிச்சயமோ அண்ணை?" எண்டு. "சூரியன் மேற்கில உதிச்சாலும் இவங்கள் போகாங்கள்" எண்டன். அறுநூறு கலியாணக் காட் அடிச்சம். நானும் மனிசியும் வீடு வீடாப் போய்க் கையில குடுத்தம். முதல் காட் சிவபாதத்துக்கு. வாங்கிப் பாத்துப்போட்டு, "என்ன மச்சான், விளையாட்டு மைதானத்திலயோ?" எண்டார். முகம் கறுத்துப் போச்சுது மனிசனுக்கு. நான் ரெண்டு பிளேன்ரீ குடிச்சுப்போட்டுத்தான் எழும்பினனான்.

பெப்ரவரியில தொடங்கிச்சுது இந்தக் கேவலம்.

தம்பி, இந்த விதி உமக்குத் தெரியுமோ? கேட்டால் காது கூசும். அறுபது நிமிசத்துக்குள்ள தோத்தால் ஒண்டுமில்லை, முட்டை. சரி, நியாயம். அறுபது நிமிசம் முடியேக்க ரெண்டு பக்கமும் சமமா நிண்டால் மேலதிக நேரம் குடுப்பாங்கள். அதில வெண்டவனுக்கு ரெண்டு புள்ளி. தோத்தவனுக்கு? தோத்தவனுக்கு ஒண்டு! ஏன்? ஆற்ற கொப்பன் வீட்டுச் சொத்து? மற்ற நாளில ஒரு ஆட்டத்துக்கு ரெண்டு புள்ளிதானே. அண்டைக்கு மட்டும் மூண்டாவது புள்ளி எங்க இருந்து வந்தது? தோத்திட்டு வந்து தட்டை நீட்டுறாங்கள், லீக்காரன் போடுறான். சீ! பிச்சை எடுக்கிறவனுக்கு எண்டாலும் ஒரு வெக்கம் இருக்கும்.

கொக்குகள் அதில ருசி கண்டிட்டாங்கள். வெல்லத் தெரியாது, ஆனால் இழுக்கத் தெரியும். அறுபது நிமிசம் மட்டும் சமமா இழுத்துக்கொண்டு போறது, பிறகு தோக்கிறது. செவ்வாய் தோத்தாங்கள், ஒரு புள்ளி. வெள்ளி தோத்தாங்கள், ஒரு புள்ளி. தோத்துப்போட்டு ஆளையாள் முதுகில தட்டிக்கொண்டு போறாங்கள் தம்பி! நான் மிசினோட வாசலில நிக்கிறன், என்ர மூக்குக்கு முன்னால, பல்லைக் காட்டிக்கொண்டு போறாங்கள்.

வீட்டை போனால் மனிசி வாசலில நிப்பாள்.

"இண்டைக்கு என்ன மாதிரி?"

"தோத்திட்டாங்கள்."

"அப்பாடா, முருகா."

"முருகாவைக் கூப்பிடாதை. தோத்து ஒரு புள்ளி எடுத்திட்டாங்கள்."

"தோத்தால் என்னண்டப்பா புள்ளி?"

விதியைச் சொன்னன். "பத்தொன்பது வருசமா அங்க நிக்கிறியள். கணக்குப் போடேக்க இதைச் சேக்கேல்லையோ?" எண்டு கேட்டாள்.

தெரியாமலில்லை தம்பி. விதி எனக்குத் தெரியும். ஆனால் மனிசனாப் பிறந்தவன் வெற்றியைத்தானே எண்ணுவான்? தோல்வியை ஆர் இருந்து எண்ணுவான்? என்ர கணக்கில பிழையில்லை, அந்த விதியிலதான் பிழை. இதைச் சொல்ல அவள், "ஆடத் தெரியாதவள் மேடை கோணல் எண்டாளாம்" எண்டு சொல்லிப்போட்டுக் குசினிக்குள்ள போயிட்டாள். அவளுக்கு ஹொக்கியைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது.

மார்ச் பிறக்கக் கொக்குகள் ஆறாம் இடம். பிறகு அஞ்சு. நாலாம் இடத்தில நிண்ட மில்புறூக்காரர், பாவங்கள், நல்ல ரீம், ரெண்டு பெடியளுக்குக் கால் முறிஞ்சு கீழ வரத் தொடங்கிட்டினம். சம்பந்தி ஒவ்வொரு நாளும் போன். சிவபாதமும் போன் எடுத்தார்: "மச்சான், உங்கட ரீம் நல்லாச் செய்யுதாம், வாழ்த்துக்கள்." போனை வைச்சுப்போட்டு வாய் கொப்பளிச்சனான்.

ஆரணி வந்து பக்கத்தில இருந்து, "அப்பா, இப்பவே வேற இடம் பாப்பமே?" எண்டவள். "நீ பேசாமல் இரு பிள்ளை, நான் பாத்துக்கொள்ளுறன்" எண்டன். வேற என்ன சொல்லுறது? அறுநூறு காட் போயிட்டுது.

கடைசி ஆட்டம் ஏப்ரல் பதின்மூண்டு. கலியாணத்துக்குச் சரியா ஒரு கிழமை. நிலைமையைக் கேளும். மில்புறூக் தன்ர ஆட்டம் எல்லாத்தையும் முடிச்சு அறுபத்தேழு புள்ளியில நிக்குது. கொக்குகளும் அறுபத்தேழு. புள்ளி சமமா முடிஞ்சால் கூடின தரம் வெண்டவன்தான் போவான், அது மில்புறூக். அப்ப கொக்குகள் வெறுங்கையோட தோத்தால் அரங்கு எனக்கு. ஒரே ஒரு புள்ளி எடுத்தாலும் அரங்கு அவங்களுக்கு.

அண்டைக்கு ஒரு இருக்கை மிச்சமில்லை. மூண்டு பகுதியில ரெண்டு முடிய எதிர் ரீம் ரெண்டு கோல், கொக்குகள் ஒண்டு. நல்லது. இன்னும் இருபது நிமிசம் இப்பிடியே போனால் காணும். ஆனால் இந்தக் கொக்குகளை நம்பேலாது. இடைவேளைக்கு மணி அடிக்க மிசினைக் கொண்டு உள்ள போறன்.

இதை நீர் ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது. பத்தொன்பது வருசத்தில ஒரு நாளும் நான் கூடாத ஐஸ் போட்டதில்லை. அண்டைக்கு, மூண்டாம் பகுதியில கொக்குகள் கோல் அடிக்கப் போற பக்கத்தில, கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம், தண்ணியைக் கூடுதலாத் திறந்துவிட்டன். அவ்வளவுதான். மற்றப் பக்கம் கண்ணாடி, இந்தப் பக்கம் கஞ்சி. ஓடவும் மாட்டாங்கள், அடிக்கவும் மாட்டாங்கள். இது துரோகமோ? ஒரு தகப்பன் தன்ர பிள்ளைக்குச் செய்யிற வேலை. ஆருக்கும் கால் கை முறியேல்லை.

அருமையா வேலை செய்தது. பத்தொன்பது நிமிசம் கொக்குகளுக்கு ஒரு கோல் இல்லை. கஞ்சிக்குள்ள நிண்டு தடவுறாங்கள். இன்னும் ஐம்பது செக்கன். நான் மனசுக்குள்ள மணவறைக்குச் சோடினை போடத் தொடங்கிட்டன்.

அப்ப அந்தக் கறுப்பு ரப்பர் வட்டு, பக் எண்டு சொல்லுவினம், அது எதிர் ரீமின்ர கோலி, அதுதான் கோல் காக்கிறவன், அவனுக்குப் பின்னால மெதுவாப் போகுது. பேசாமல் நிக்கவேண்டியதுதானே அவன்? தன்ர கம்பியை விட்டு வெளியில வந்து அதைத் தட்டிவிடப் போறான். பக் தண்ணிக்குள்ள நிண்டிட்டுது. அவன் வீசின தடி ஆகாயத்தில போகுது, ஆள் குப்புற விழுறான். கொக்குகளின்ர பன்ரெண்டாம் நம்பர் ஓடிவந்து, ஆளில்லாத கோலுக்குள்ள சும்மா தள்ளிவிட்டான். ரெண்டுக்கு ரெண்டு.

அந்த விசரன் ஏன் வெளியில வந்தவன்? சொல்லும் பாப்பம். தண்ணிக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமுமில்லை. ஒழுங்கான கோலி எண்டால் குளத்துக்குள்ள நிண்டும் தட்டுவான்.

அரங்கு முழுக்க எழும்பி நிண்டு கத்துது. நான் மேல பாக்கிறன். ஏழாம் வரிசை, ஆரணியும் நிரோஷனும். கொக்குச் சட்டை போட்டுக்கொண்டு, என்ர மகள் கதிரைக்கு மேல ஏறி நிண்டு, ரெண்டு கையையும் தூக்கிக் கத்துறாள்! தன்ர கலியாணத்தைக் குழப்பின கோலுக்கு! நிரோஷன் அவளைத் தூக்கிச் சுத்துறான். இந்தக் காலத்துப் பிள்ளையளுக்கு நன்மை தின்மை தெரியாது தம்பி, அதுதான் நான் சொல்லுவன்.

பிறகு மேலதிக நேரம். ரெண்டே நிமிசத்தில தோத்திட்டாங்கள்.

தோத்தாங்கள் தம்பி! தோத்து உள்ள போனாங்கள்! முப்பத்தொரு தரம் வெண்ட மில்புறூக் வீட்டை போகுது. இருபத்தாறு தரம் வெண்டவன், பதினாறு தரம் இழுத்து இழுத்துத் தோத்தவன், அறுபத்தெட்டுப் புள்ளியோட உள்ள போறான். தோல்விக்குப் பலூன் விட்ட சனத்தை நீர் எங்கயாவது கண்டிருக்கிறீரோ? நான் கண்டனான். அந்தப் பலூன் எல்லாத்தையும் கூட்டி அள்ளினதும் நான்தான்.

லொறேன் வந்து தோளில கையை வைச்சாள். "கனா, மன்னிச்சுக்கொள். முதல் சுற்று மூண்டாவது ஆட்டம் இஞ்சதான். ஏப்ரல் இருபது."

அடுத்த நாள் வீட்டில எல்லாரும் கூடி இருந்தம். நான் தெளிவாச் சொன்னன், வாற வருசம் ஏப்ரலில, அதே அரங்கில, இதைவிடப் பெரிசா வைப்பம் எண்டு. ஆரணி தலையைக் குனிஞ்சுகொண்டு இருந்தவள், நிமிந்து, "அப்பா, நாள் நல்ல நாள்தானே. அண்டைக்கே காலமை கோயிலில நாப்பது பேரோட செய்யிறம். ஐயரோட கதைச்சிட்டன்" எண்டாள்.

"நாப்பது பேரோ? சிவபாதம் சொன்ன மாதிரியோ?"

"எனக்கு முதலில இருந்தே அதுதான் விருப்பம் அப்பா."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கவேயில்லை."

பாத்தீரோ கதையை? பெத்த தகப்பன் மூண்டு மாசமா ராப்பகலா ஓடித் திரிய வாயே திறக்காமல் இருந்துபோட்டு, நான் கேக்கேல்லையாம். ஆயிரம் பேருக்குச் சொல்லிப்போட்டு நாப்பது பேருக்கு முன்னால நான் எப்பிடித் தலை நிமித்தி நிக்கிறது? அப்பிடி ஒரு கலியாணத்துக்கு நான் வரமாட்டன் எண்டு சொல்லிப்போட்டு எழும்பியிட்டன். சொன்னால் சொன்னதுதான். வெருட்டுறன் எண்டு நினைச்சிருப்பாள்.

என்ன? போனனானோ எண்டு கேக்கிறீரோ? நான் வேலைக்குப் போனன். பிளேஓஃப் நாள், ஆர் ஐஸ் பாக்கிறது?

காலமை எட்டு மணிக்கு மிசினுக்குப் பக்கத்தில நிக்கிறன், ஆரணி போன் எடுக்கிறாள். பின்னால மேளச் சத்தம் கேக்குது. "அப்பா, முகூர்த்தத்துக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கு. அதுக்கு வரேலாட்டில் மத்தியானச் சாப்பாட்டுக்கு எண்டாலும் வாங்கோ. பந்தியில உங்களுக்கு ஒரு இலை போட்டு வைக்கிறன்." நான் என்ன சொன்னன் தெரியுமோ? "தோத்தவனுக்குப் போடுற ஒரு புள்ளி எனக்கு வேண்டாம் பிள்ளை." நல்லாச் சொன்னன் எண்டு அப்ப நினைச்சனான். மேளச் சத்தம் மட்டும் கொஞ்சநேரம் கேட்டுக்கொண்டு இருந்தது.

என்ர இடத்தில நிண்டு, என்ர பிள்ளையின்ர கையைப் பிடிச்சுத் தாரை வார்த்துக் குடுத்தது ஆர் எண்டு நினைக்கிறீர்? சிவபாதம். தாய்மாமன் முறை, அவருக்கு உரிமை இருக்காம். தூ.

கொக்குகள் அண்டைக்கு ஆறுக்கு ஒண்டு தோத்தாங்கள். நாலு ஆட்டமும் தோத்துப் பெட்டியைக் கட்டிட்டாங்கள். பிளேஓஃபில அந்தப் பிச்சைப் புள்ளி இல்லைத் தம்பி. தோத்தால் தோத்ததுதான். இதுக்காகத்தான் அவங்களுக்கு அரங்கு தேவைப்பட்டது. மற்றக் கிழமையே ஐஸை உருக்கினம். நிலம் காஞ்சு போய்ச் சும்மா கிடந்தது. ஆயிரம் பேர் இருந்திருக்கலாம்.

இப்ப சிவபாதத்தின்ர மகளின்ர கலியாணத்துக்குத்தான் போறன். மனிசி வியாழக்கிழமையே போயிட்டாள். நான் வராட்டில் தான் இனி எங்கட வீட்டுப் படி ஏறமாட்டன் எண்டு சொல்லியிருக்கிறாள், அதுக்காகத்தான். ஆரணியும் அங்க நிப்பாள். அஞ்சு கிழமை, ஒரு சொல்லுக் கதைக்கேல்லை. ஆர் பிழையெண்டு இவ்வளவு நேரமும் கேட்ட உமக்கு விளங்கியிருக்கும்தானே.

கலியாண வீடியோவை போனுக்கு அனுப்பியிருக்கிறாள். ஒண்டும் எழுதேல்லை, வீடியோ மட்டும். நாப்பது நிமிசம். நான் திறக்கேல்லை. நாப்பது பேர் கலியாணத்தில பாக்கிறதுக்கு என்ன கிடக்கு?

தம்பி, நீர் இளம் பெடியன், கண் நல்லாத் தெரியும். இந்தாரும், பிடியும். சத்தத்தை நிப்பாட்டிப்போட்டுப் பாரும், நான் யன்னலுக்கு வெளியில பாத்துக்கொண்டு இருக்கிறன். சிவபாதம் என்ன செய்யிறார் எண்டு எனக்குச் சொல்லத் தேவையில்லை. சாப்பாடு, சோடினை ஒண்டும் வேண்டாம். தாரை வார்க்கிறதுக்கு முதல், பொம்பிளையின்ர தகப்பனை வரச் சொல்லி ஐயர் கை காட்டிக் கூப்பிடுற இடம் ஒண்டு வரும். அதில ஆரணி வாசல் பக்கம் திரும்பிப் பாக்கிறாளோ எண்டு மட்டும் பாத்துச் சொல்லும்.